முதலில் எதை மாற்றுவது? டர்போ இல்லாத கார்களின் பந்தய வரலாறு தரும் பதில்

குடும்பத்தினர் ஏறிச் செல்வதற்கென்று தயாரிக்கப்பட்ட சாதாரண சலூன் கார் ஒன்றைப் பந்தயக் காருக்கு ஈடாக ஓடச் செய்யவேண்டும் என்ற ஆசை இன்று நேற்றுத் தோன்றியதல்ல. 1960 களில் பிரிட்டனிலும் ஜேர்மனியிலும் ஜப்பானிலும் அந்த ஆசை பெரும் தொழிற்சாலைகளின் வடிவமைப்பு மேசைகளுக்கே சென்றது. அங்கிருந்த பொறியியலாளர்களையும் சரி, சொந்தக் கராஜில் கை அழுக்காக நின்ற இளைஞர்களையும் சரி, எதிர்கொண்ட முதல் கேள்வி ஒன்றுதான். கையில் இருக்கும் பணத்துக்கு முதலில் எதை மாற்றுவது?

ரொறன்ரோவில் வாழும் எனது உறவினரின் மகன் ஒருவர் அண்மையில் இதே கேள்வியை என்னிடம் கேட்டார். அவர் வாங்கியிருப்பது டர்போ இல்லாத பழைய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் செடான். "பெரியப்பா, முதல்ல சைலன்சரை மாத்துறதோ, இல்லாட்டி எயார் ஃபில்டரை மாத்துறதோ?" என்பது அவரது கேள்வி. நான் மெக்கானிக் அல்ல. மோட்டார் வாகனங்களின் வரலாற்றை விரும்பி வாசித்துவரும் ஒரு பத்திரிகையாளன் மாத்திரமே. ஆனால், அந்த வரலாறு இக்கேள்விக்கு மிகவும் தெளிவான பதிலை வைத்திருக்கிறது என்பது எனது எண்ணம். உலகெங்கும் எமது இளைஞர்கள் பலர் இதே கேள்வியுடன் தங்களது உழைப்பின் ஒரு பகுதியைச் செலவிடுவதால் அந்தப் பதிலை இங்கு சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

டர்போ இல்லாத எஞ்சின் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கவேண்டும். பெற்றோல் எரிவதற்குக் காற்று வேண்டும். ஒரு சுற்றில் சிலிண்டருக்குள் எவ்வளவு காற்று புகுகிறதோ அவ்வளவு பெற்றோலைத்தான் பயனுள்ள முறையில் எரிக்கமுடியும். டர்போ பூட்டிய எஞ்சினில் கழிவுப்புகையின் விசையால் சுழலும் சிறிய விசிறி ஒன்று காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. டர்போ இல்லாத எஞ்சினுக்கு அந்த உதவி கிடையாது. பிஸ்டன் கீழே இறங்கும்போது எம்மைச் சுற்றியுள்ள வளிமண்டலம் தனது சொந்த அழுத்தத்தினால் உள்ளே வந்தால்தான் உண்டு. அதாவது, அந்த எஞ்சினின் உச்சவரம்பை நிர்ணயிப்பது இயற்கை.

இதற்கு இலங்கையிலேயே நல்ல உதாரணம் உண்டு. 1934 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மகாகஸ்தோட்டை மலையேற்ற மோட்டார் பந்தயம் நுவரெலியாவில் நடைபெறுவது. நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கு காற்றின் அடர்த்தி கொழும்பில் உள்ளதைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. எனவே, கொழும்பில் 120 குதிரைவலு தரும் டர்போ இல்லாத எஞ்சின் அந்த மலையில் 100 குதிரைவலுவுக்கு அண்மித்தே தரும். எந்த மெக்கானிக்கும் கை வைக்காமலேயே 20 குதிரைவலு மறைந்துபோகிறது. சைலன்சர் குழாய் ஒன்றை மாற்றுவதால் அதில் பாதியை மீட்பதுகூடச் சிரமம்.

காற்றின் அழுத்தத்தை மாற்றமுடியாது என்றால் வேறு வழிகள் நான்குதான் மிஞ்சுகின்றன. சிலிண்டரின் கொள்ளளவைப் பெருப்பிக்கலாம். காற்று புகும், வெளியேறும் வழிகளைச் சீராக்கலாம். எஞ்சினை இன்னும் வேகமாகச் சுழலவிட்டு ஒரு நிமிடத்தில் அதிக தடவைகள் காற்றை இழுக்கச் செய்யலாம். உள்ளே வந்த கலவையை மேலும் இறுக்கி, அதாவது அமுக்க விகிதத்தைக் கூட்டி, அதே எரிபொருளில் கூடுதல் வலுவைப் பிழியலாம். நான்குமே பலன் தருபவை. நான்குக்கும் விலை உண்டு. காம் ஷாப்டை மாற்றி உச்ச வேகத்தில் வலுவைக் கூட்டினால் நகரத் தெருவில் மெதுவாகச் செல்லும்போது எஞ்சின் திக்கித் திணறும். அமுக்க விகிதத்தைக் கூட்டினால் உயர்ந்த தரமான பெற்றோல் கட்டாயமாகிவிடும்.

இந்த இறுதி விடயத்தை யாழ்ப்பாணத்து மக்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1990 இல் போர் மீண்டும் மூண்டதை அடுத்து வந்த பொருளாதாரத் தடையின்போது குடாநாட்டில் பெற்றோல் கிடைப்பது அரிதாயிற்று. பழைய ஒஸ்ரின், மொரிஸ் கார்களை எமது மெக்கானிக்குகள் மண்ணெண்ணெயில் ஓடவைத்தனர். சிறிதளவு பெற்றோலைக் காபுரேட்டருக்குள் விட்டு எஞ்சினைச் சூடாக்கி, பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாறுவார்கள். அந்த எஞ்சின்களின் அமுக்க விகிதம் தாழ்ந்ததாக இருந்தமையே அதைச் சாத்தியமாக்கியது. பந்தயத்துக்கென்று அமுக்க விகிதம் கூட்டப்பட்ட எஞ்சின் ஒன்று அந்த எரிபொருளில் தட்டித் தட்டியே உடைந்திருக்கும். எஞ்சினில் செய்யப்படும் எந்த மாற்றமும் ஒன்றைக் கொடுத்து இன்னொன்றைப் பெறுவதே என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் இல்லை.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1959 ஆகஸ்டில் பிரிட்டிஷ் மோட்டார் கோர்ப்பரேஷன் மினி காரை அறிமுகப்படுத்தியது. 1956 சுயெஸ் நெருக்கடியினால் உண்டான எரிபொருள் தட்டுப்பாட்டின் பிள்ளை அது. 848 சீ.சீ. எஞ்சின், 34 குதிரைவலு, 10 அங்குலச் சில்லுகள், மணிக்கு ஏறத்தாழ 72 மைல் வேகம். அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸின் மனதில் இருந்தது சாதாரண மக்களுக்கான சிக்கனமான வாகனம். அவரது நண்பரான ஜோன் கூப்பரோ வேறொன்றைக் கண்டார். கூப்பரின் பின்புற எஞ்சின் பந்தயக் கார்கள் 1959 இலும் 1960 இலும் ஜாக் பிரபாமின் கைகளில் ஃபோர்முலா 1 உலக சம்பியன் பட்டத்தை வென்றிருந்தன. நான்கு மூலைகளிலும் சில்லுகளை வைத்துக்கொண்டு வளைவுகளில் ஒட்டிக்கொண்டு ஓடும் மினியில் குறையாக இருந்தது வலு மாத்திரமே என்று அவர் கருதினார். இசிகோனிஸுக்கு அந்த யோசனையில் ஆர்வம் இருக்கவில்லை. நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஜோர்ஜ் ஹரிமன்தான் 1,000 கார்களைத் தயாரித்துப் பார்க்கச் சம்மதித்தார்.

1961 இல் வெளிவந்த மினி கூப்பரில் எவையெல்லாம் மாற்றப்பட்டன என்பதைக் கூர்ந்து நோக்கவேண்டும். பிஸ்டனின் ஓட்டத்தூரம் நீட்டப்பட்டுக் கொள்ளளவு 997 சீ.சீ. ஆயிற்று. இரட்டை எஸ்.யூ. காபுரேட்டர்கள் வந்தன. உள்ளெடுக்கும் வால்வுகள் பெரிதாயின. கழிவுப்புகைக் குழாய்கள் மாற்றியமைக்கப்பட்டன. 34 குதிரைவலு 55 ஆக உயர்ந்தது. கொள்ளளவு ஏறத்தாழ 18 சதவீதமே கூடியிருக்க, வலு 60 சதவீதத்துக்கும் மேலாகக் கூடியது. எஞ்சியதில் பெரும்பகுதி காற்றோட்டத்தைச் சீராக்கியதனால் கிடைத்த இலாபம்.

ஆனால், பட்டியல் அத்துடன் முடியவில்லை. முன்சில்லுகளுக்கு 7 அங்குல டிஸ்க் பிரேக்குகள் பூட்டப்பட்டன. 10 அங்குலச் சில்லுக்குள் அடங்கக்கூடிய அளவில் அவற்றைச் செய்வதே அன்று சவாலான காரியம். சிறிய, மலிவான கார் ஒன்றில் டிஸ்க் பிரேக் என்பது அக்காலத்தில் ஆடம்பரமாகத் தோன்றியிருக்கக்கூடும். கூப்பருக்கு அது ஆடம்பரமல்ல. 72 மைல் வேகத்துக்கென்று செய்த டிரம் பிரேக்கை நம்பி 85 மைல் வேகத்தில் செல்லமுடியாது என்பதைப் பந்தயக்களம் அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. அந்த 7 அங்குல டிஸ்க்குகளும் போதாது என்று தெரிந்தபோது, 1963 இல் வந்த 1071 சீ.சீ. கூப்பர் எஸ் காரில் 7.5 அங்குல டிஸ்க்குகளும் அவற்றுக்கு உதவும் சேர்வோவும் சேர்க்கப்பட்டன. வலு 70 ஆக ஏறியபோது பிரேக்கும் கூடவே வளர்ந்தது. 1964 ஜனவரியில் அத்தகைய கார் ஒன்றில்தான் பாடி ஹொப்கேர்க் மொன்ரே கார்லோ ரலியை வென்றார். 1965 இலும் 1967 இலும் மினி மீண்டும் வென்றது.

மினியின் வரலாற்றில் இன்னொருவரைக் குறிப்பிடாமல் விடமுடியாது. இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் டவுன்ரன் என்ற கிராமத்தில் டானியல் ரிச்மண்ட் நடத்திய சிறிய நிறுவனம் சிலிண்டர் ஹெட்டின் உட்புறத்தைச் செதுக்கிச் சீர்படுத்துவதில் பெயர்பெற்றது. காற்று வளைந்து செல்லும் அந்தச் சிறிய துவாரங்களின் வடிவத்தைக் கையால் மாற்றி அவர் பெற்ற வலு, பெரிய நிறுவனத்தையே அவரிடம் ஆலோசனை கேட்க வைத்தது. பளபளப்பான குழாயோ இரைச்சலோ அதில் இல்லை. பொனட்டைத் திறந்து பார்த்தாலும் எதுவும் தெரியாது. எஞ்சினின் மூச்சு எங்கே அடைபடுகிறது என்பதை அளந்து, அந்த இடத்தை மாத்திரம் திறப்பதே அவரது கலையாக இருந்தது. அடைப்பு இல்லாத இடத்தை எவ்வளவு அகலமாக்கினாலும் பலன் இல்லை என்பது அதன் மறுபக்கம்.

கூப்பர் பிரேக்கை நினைத்தார் என்றால் கொலின் சப்மன் எடையை நினைத்தார். ஃபோர்ட் நிறுவனம் தனது குடும்பக் காரான கோர்ட்டினாவைப் பந்தயத்துக்குத் தயார்செய்யும் பொறுப்பை லோட்டஸ் நிறுவனத்தின் தலைவரான அவரிடம் ஒப்படைத்தது. 1963 ஜனவரியில் லோட்டஸ் கோர்ட்டினா அறிமுகமானது. ஃபோர்ட்டின் சாதாரண எஞ்சினுக்கு ஹரி மண்டி வரைந்த இரட்டைக் காம் ஷாப்ட் சிலிண்டர் ஹெட் பூட்டப்பட்டு, 1,558 சீ.சீ. கொள்ளளவில் 105 குதிரைவலு பெறப்பட்டது. அதற்கு இணையாகக் கதவுகள், பொனட், டிக்கி மூடி ஆகியவை அலுமினியத்தில் செய்யப்பட்டன. கியர்பெட்டியின் கூடும் இலகு உலோகமாயிற்று. பற்றரி முன்னாலிருந்து டிக்கிக்கு மாற்றப்பட்டது. இந்த இடமாற்றம் எடையைக் குறைப்பதற்கல்ல, சரியான இடத்தில் வைப்பதற்கே செய்யப்பட்டது. 1964 இல் ஜிம் கிளார்க் அந்தக் காரில் பிரிட்டிஷ் சலூன் கார் சம்பியன் பட்டத்தை வென்றார். வளைவுகளில் ஒரு முன்சில்லு தரையை விட்டு எழும்ப அவர் சென்ற காட்சி மோட்டார் பந்தய ரசிகர்களின் நினைவில் இன்றும் நிற்கிறது.

ஆனால், அதே காரில் எச்சரிக்கையும் உண்டு. பின்புற சஸ்பென்ஷனில் இருந்த தகட்டு வில்களை அகற்றி, சுருள் வில்களுடன் முக்கோணச் சட்டம் ஒன்றைச் சப்மன் பொருத்தினார். பந்தயக்களத்தில் அழகாக வேலைசெய்த அந்த அமைப்பு சாதாரண வீதியில் டிபரென்ஷல் கூட்டை வருத்தியது. எண்ணெய் கசிந்தது. உரிமையாளர்கள் அலுத்துக்கொண்டனர். 1965 இல் தகட்டு வில்களே திரும்பி வந்தன. உலகின் மிகச்சிறந்த பந்தய மூளைகளில் ஒன்று செய்த மாற்றத்துக்கே இந்தக் கதி என்றால், இணையத்தில் வாங்கிய உதிரிப்பாகத்தைக் கராஜில் பூட்டுபவர் எவ்வளவு நிதானமாக இருக்கவேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அதே காலப்பகுதியில் ஜப்பானில் வேறொரு பாதை தெரிவுசெய்யப்பட்டது. 1964 மே மாதம் சுசூகாவில் நடைபெறவிருந்த இரண்டாவது ஜப்பான் கிராண்ட் பிறீ போட்டிக்காகப் பிரின்ஸ் நிறுவனம் தனது 1.5 லீற்றர் ஸ்கைலைன் காரின் முன்பக்கத்தை 20 சென்ரிமீற்றர் நீட்டி, அதற்குள் இரண்டு லீற்றர் ஆறு சிலிண்டர் எஞ்சினை இறக்கியது. நான்கு கதவுக் குடும்பக் கார் ஒன்று ஒரு சுற்றின்போது போர்ஷே 904 பந்தயக் காரை முந்திச் சென்றதைக் கண்டு பார்வையாளர்கள் ஆரவாரித்தனர். இறுதியில் வென்றது போர்ஷேதான். ஆனாலும் ஸ்கைலைன் என்ற பெயர் அன்றே நிலைத்துவிட்டது. 1966 இல் பிரின்ஸ் நிறுவனம் நிசானுடன் இணைந்த பின்னர், 1969 இல் வந்த முதலாவது ஸ்கைலைன் ஜி.ரி.-ஆர் ஒரு நான்கு கதவு செடான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். டர்போ இல்லாத அதன் 1,989 சீ.சீ. எஞ்சின், 24 வால்வுகளுடனும் மூன்று காபுரேட்டர்களுடனும் 160 குதிரைவலு தந்தது.

ஜேர்மனியிலும் கொள்ளளவே விடையாயிற்று. பி.எம்.டபிள்யூ நிறுவனத்தின் சிறிய 1600 காரில் இரண்டு லீற்றர் எஞ்சினைப் பூட்டும் யோசனை அங்கு பணியாற்றிய அலெக்ஸ் வொன் பல்கன்ஹவுசன், ஹெல்முட் வேர்னர் போன்ஷ் ஆகிய இருவருக்கும் தனித்தனியே தோன்றியது. இருவரும் ஒருவருக்கொருவர் தெரியாமலே தங்களது சொந்தக் கார்களில் அதைச் செய்து வைத்திருந்தனர் என்பது அந்நிறுவனத்தின் வரலாற்றில் அடிக்கடி சொல்லப்படும் கதை. 1968 இல் அது 2002 என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அதே காருக்கு 1973 இல் டர்போ பூட்டப்பட்டபோது 170 குதிரைவலு கிடைத்தது. எண்ணெய் நெருக்கடி குறுக்கிட்டதனால் 1,672 கார்களுடன் அதன் தயாரிப்பு நின்றுபோனாலும், வளிமண்டலம் விதித்த வரம்பை உடைக்கும் வழி வீதிக்கு வந்துவிட்டது.

அதற்குப் பின்னர் டர்போ இல்லாமலே வேகத்தைத் தேடியவர்களில் ஹொண்டா பொறியியலாளர்கள் முதன்மையானவர்கள். 1995 இல் வெளிவந்த இன்டெக்ரா டைப் ஆர், ஜப்பானில் நான்கு கதவு செடானாகவும் விற்கப்பட்டது. அதன் 1.8 லீற்றர் எஞ்சின் நிமிடத்துக்கு 8,000 சுழற்சியில் 200 குதிரைவலு தந்தது. அதற்கு முந்திய சாதாரண இன்டெக்ராவின் மேல்தர எஞ்சின் தந்தது 180. அந்த 20 குதிரைவலுவுக்காக அவர்கள் பிஸ்டன்களையும் காம் ஷாப்டுகளையும் மாற்றினர். காற்றுத் துவாரங்களை ரிச்மண்டைப் போலவே கையால் செதுக்கினர். எஞ்சினில் இவ்வளவு பாடுபட்டும் அவர்கள் அதை மாத்திரம் நம்பியிருக்கவில்லை. ஒலித்தடுப்பு விரிப்புகளைக் குறைத்தனர். முன் கண்ணாடியின் தடிப்பைக்கூடக் குறைத்தனர். காரின் உடலை வலுப்படுத்தி, சஸ்பென்ஷனை இறுக்கி, வளைவில் சில்லு வீணாகச் சுழலாமல் தடுக்கும் டிபரென்ஷலைப் பொருத்தினர்.

இத்தனை கார்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு உண்மை தெளிவாகிறது. டர்போ இல்லாத எஞ்சினில் கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வொரு குதிரைவலுவும் விலை கூடியது. நவீன எஞ்சின்களில் அந்த விலை இன்னும் அதிகம். ஏனென்றால், 1959 இன் மினி எஞ்சினில் விட்டுவைக்கப்பட்டிருந்த இலாபத்தை இன்றைய தொழிற்சாலைகள் தாமே எடுத்துக்கொண்டுவிட்டன. டர்போ காரின் கணினியைத் திருத்தி அழுத்தத்தைக் கூட்டினால் ஐந்தில் ஒரு பங்கு வலு எளிதில் கூடிவிடும். டர்போ இல்லாத காரில் அதே வேலை சில சதவீதத்தையே தரும். எயார் ஃபில்டரும் சைலன்சரும் தருவதில் பெரும்பகுதி ஓசை. ஓசையை வேகம் என்று எமது காது நம்பிவிடுகிறது.

எனவே, முதல் மாற்றம் எது என்ற கேள்விக்கு வரலாறு தரும் பதில், இருப்பதை முதலில் சீராக்குவது என்பதே. இருபது வருடப் பழைய காரின் சஸ்பென்ஷன் புஷ்களும் ஷொக் அப்சோபர்களும் தேய்ந்திருக்கும். ஸ்பார்க் பிளக்குகளும் எண்ணெயும் பிரேக் திரவமும் பழசாகியிருக்கும். அவற்றைப் புதுப்பித்தால் தொழிற்சாலை கொடுத்த கார் திரும்பக் கிடைக்கும். இலங்கை மக்கள் இதை நிர்ப்பந்தத்தினால் கற்றவர்கள். 1960 களின் இறக்குமதிக் கட்டுப்பாடுகளின்போதும், 2020 மார்ச்சிலிருந்து 2025 தொடக்கம் வரை தனியார் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தபோதும் கையில் இருந்ததைப் பேணுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

இரண்டாவது, டயர். காரின் வலு, பிரேக், திருப்பம் ஆகிய மூன்றும் தரையைத் தொடுவது உள்ளங்கை அளவான நான்கு ரப்பர் துண்டுகளின் ஊடாகத்தான். நல்ல டயர் மூன்றையும் ஒருசேர உயர்த்துகிறது. எஞ்சினில் செலவிடும் பணம் எதுவும் அதைச் செய்யாது. மூன்றாவது, பிரேக் பட்டைகளும் வெப்பம் தாங்கும் பிரேக் திரவமும். நான்காவது, பொருத்தமான வில்களும் ஷொக் அப்சோபர்களும். தேவையற்ற எடையைக் குறைப்பதற்குப் பணமே தேவையில்லை. இவை எல்லாவற்றுக்கும் பின்னரே எஞ்சினின் மூச்சுவழிக்கு வரவேண்டும். அப்போதும் உள்ளெடுப்பு, கழிவுக்குழாய், கணினித் திருத்தம் மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தச் செய்யப்படவேண்டும். காம் ஷாப்டும் அமுக்க விகிதமும் கடைசி. அன்றாடம் வேலைக்குச் செல்லும் காருக்கு அவை தேவைப்படாமலே போகலாம்.

பணத்தை விடவும் பெரிய விடயம் ஒன்றும் இதில் உண்டு. பிரித்தானியா போன்ற நாடுகளில் காரில் செய்த மாற்றத்தைக் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவிக்காவிட்டால் விபத்தின்போது இழப்பீடு மறுக்கப்படலாம். ஒன்ராறியோ மாகாணம் வீதிப் பந்தயத்துக்கு எதிராக 2007 இல் கொண்டுவந்த சட்டத்தை 2021 இல் மேலும் கடுமையாக்கியது. அகப்பட்டால் அந்த இடத்திலேயே சாரதி அனுமதிப்பத்திரம் 30 நாட்களுக்கும் வாகனம் 14 நாட்களுக்கும் பறிக்கப்படும். சட்டத்தை விடவும் கடுமையானது பௌதிகவியல். வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்துவதற்கு பிரேக் விழுங்கவேண்டிய சக்தி நான்கு மடங்காகிறது. 2024 ஏப்ரல் 21 ஆம் திகதி தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் தடம்விட்டு விலகிய கார் பார்வையாளர்கள் மத்தியில் பாய்ந்தபோது ஏழு பேர் உயிரிழந்தனர். ஒழுங்குபடுத்தப்பட்ட களத்திலேயே இது நேரும் என்றால் பொது வீதியைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது?

டர்போ இல்லாத ஸ்போர்ட்ஸ் செடான்களின் காலம் முடிவை நெருங்கிக்கொண்டிருக்கிறது. புகை வெளியேற்ற விதிகளும் மின்சாரக் கார்களும் அவற்றின் இடத்தைச் சுருக்கிவிட்டன. பி.எம்.டபிள்யூ எம்3 கூட 2014 இல் டர்போவுக்கு மாறிவிட்டது. இன்று வீதியில் ஓடுபவை பெரும்பாலும் எஞ்சியிருப்பவையே. அவற்றில் ஒன்றைக் கையில் வைத்திருப்பவர் அதைக் கெடுக்காமல் ஓட்டுவதும் வரலாற்றைக் காப்பதில் ஒரு பங்குதான். எஞ்சினின் வலுவைக் கூட்டிய அதே நாளிலேயே சில்லுக்குள் ஏழு அங்குல டிஸ்க் ஒன்றை அடக்குவதற்கு இடம் தேடியவர் ஜோன் கூப்பர். உலக சம்பியன் கார்களைச் செய்தவரே நிறுத்துவதைப் பற்றி அவ்வளவு தூரம் யோசித்தார் என்பதை எமது இளைஞர்கள் மனதில் வைத்திருந்தால் போதும்.